மோட்டார் ரூமின் சாவி

ஜூன் 3

தம்பிக்கு,

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிது. நான் சாப்பாட்டு மேசையில் ஏழாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கிரீஸ் கையோடு வந்து நின்று, "அண்ணி, எல்லா லிஃப்ட்டுக்கும் உச்சியில ஒரு மோட்டார் ரூம் இருக்கும். அதுக்கு ஒரு சாவி இருக்கும். மனுசனுக்கு மோட்டார் ரூம் எங்க இருக்கு? சாவி யார்கிட்ட?" என்றீர்கள். உங்கள் அண்ணன் உள்ளேயிருந்து, "வந்து ஒரு மாசம்தான்டா ஆச்சு, அதுக்குள்ள சாவியைக் கேட்டா அவ பயந்துடப் போறா" என்றார்.

இதயம், குடல், கண்பாவை, வேர்வை எல்லாவற்றையும் ஓட்டுகிற நரம்புகள் நம்மைக் கேட்காமலே வேலை செய்கின்றன, அந்த அறைக்கு நம்மிடம் சாவி கிடையாது என்று பதில் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

நேற்று வந்த உங்கள் கடிதத்தில் ஐந்து வரிகள் இருந்தன. நான்கு வருட மௌனத்துக்கு ஐந்து வரி. போனில் கூப்பிடாமல் எழுதியதற்கு நன்றி. கூப்பிட்டிருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்கள் மனைவியின் இடது பாதத்தில் குண்டூசி ஏறியிருக்கிறது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போன கால், அதனால் அவளுக்கே தெரியாமல் நான்கு நாள் தையல் மெஷினை மிதித்திருக்கிறாள். அடிப்பாதத்தைக் கீறிச் சீழை எடுத்திருக்கிறார்கள். தினமும் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுகிறார். அவர் மாதக் கடைசிவரைதான் வருவார். உங்கள் மகளோ கைக்குழந்தையோடு ஒரு நாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறாள். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து நீங்கள்தான் கட்டு மாற்ற வேண்டும். காயத்தைப் பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. உங்கள் அண்ணன் மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தார். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார். நீங்கள் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. எல்லாம் முடிந்த அன்று உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் கால் அவளுடையது. அதோடு, கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் பள்ளிக்கு மேலதிகாரி ஆய்வுக்கு வருகிற நாளில் என் வாய் உலர்ந்துவிடும். உள்ளங்கை ஈரமாகி சாக்பீஸ் வழுக்கும். நெஞ்சு அடிப்பது காதில் கேட்கும். அவர் ஜீப் வெளியே போன பத்தாவது நிமிடம் வயிறு கடமுடா என்று சத்தம் போட ஆரம்பிக்கும், அப்படி ஒரு பசி. உடம்பில் நம்மைக் கேட்காமல் வேலை செய்யும் நரம்புகள் இரண்டு அணிகளாக இருக்கின்றன. ஒன்று, ஓடு அல்லது எதிர்த்து நில் என்று வேகப்படுத்துவது. இன்னொன்று, உட்கார், சாப்பிடு, செரிக்கட்டும் என்று நிதானப்படுத்துவது. பாடப்புத்தகம் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று சொல்லும். உங்களுக்கு வேகம், பிரேக் என்று சொன்னால் போதும்.

உங்கள் படபடப்பு முதல் அணியின் வேலை. ஆகவே இரண்டாவது அணியைக் கூப்பிடுங்கள். கட்டுப் பிரிக்கும்போது நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். தோள், கை, கால் எல்லாவற்றையும் நனைத்த துணிபோலத் தளர விடுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். தேர்வுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு முப்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தவறியதில்லை.

அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

கம்பெனிப் புத்தகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்தால் அதே வரிசையில் செய்கிறவன் நான். நீங்கள் எழுதியதையும் அப்படித்தான் செய்தேன். சாய்ந்து உட்கார்ந்தேன். நனைத்த துணிபோலத் தளர்ந்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். நர்ஸ் கடைசிச் சுற்றைப் பிரித்தார். நான் கட்டுத் தட்டோடு தரையில் கிடந்தேன்.

பஞ்சு, கத்தரிக்கோல், மருந்து எல்லாம் தரையில். தையல் மெஷினின் விளிம்பு புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டது. அந்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹெல்மெட். வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடம் ஆனாலும் அதைக் கழற்றமாட்டார். என் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே, "ஒரு வீட்டுக்கு ஒரு பேஷண்ட்டுன்னுதான் சார் எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்.

உங்கள் ஓரகத்தி கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "பதினெட்டு மாடி உசரத்துல கம்பியைப் புடிச்சுத் தொங்குறீங்க. என் கால் ரெண்டடி உசரத்துலதான் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பல்தான் எனக்குத் தாங்கவில்லை.

என் தப்பும் உண்டு. படபடக்கிறது என்றுதான் உங்களுக்கு எழுதினேன். மயங்கி விழுவேன் என்று எழுதவில்லை. ஐம்பத்தாறு வயதில், சங்கத்தில் செயலாளராக இருக்கிறவன், அதை எப்படி எழுதுவது?

நர்ஸ் போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தக் காலைக் காப்பாத்துறதுல மருந்து பாதி சார். தெனமும் சுத்தம் பண்ற கை மீதிப் பாதி. ரெண்டு நாள் விட்டாலும் சீழ் விரலுக்குப் போயிடும்." அடிப்பாதம் என்பதால் அவளால் தானே பார்த்துச் செய்துகொள்ளவும் முடியாது. மாடிப்படி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அந்தக் காலை ஊன்றக் கூடாது. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. உங்கள் வைத்தியம் எனக்கு ஆகவில்லை. இதற்கு மேல் சிரமப்பட வேண்டாம்.

தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

முதலில், தவறு என்னுடையது. வகுப்பில் ஒரு பிள்ளை "தலை வலிக்குது மிஸ்" என்றால் எங்கே, எப்போதிலிருந்து, எதைப் பார்த்தால் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன். உங்களிடம் எதையும் கேட்காமல், கேட்க வேண்டியதைவிடக் கோபத்தை அதிகம் எழுதிவிட்டு, தெரிந்த பாடத்தை ஒப்பித்தேன். நீங்களும் பாதியை மறைத்தீர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து உங்கள் புருவத்தைக் கிழித்திருக்கிறோம்.

இரண்டாவது, சிரமப்பட வேண்டாம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. காலையில் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு பகல் முழுவதும் எனக்கு வேலையில்லை.

ஆகவே நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடம் என்ன ஆகிறது? நெஞ்சு கடைசிவரை வேகமாக அடிக்கிறதா, இல்லை முதலில் வேகமாக அடித்துப் பிறகு அடங்கிப்போகிறதா? கொட்டாவி வருகிறதா? காது அடைக்கிறதா? உயரத்துக்கு, இருட்டுக்கு, மின்சாரத்துக்கு மயங்கியதுண்டா? இதுவரை எத்தனை முறை, எங்கெங்கே?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று. ரத்தத்தைப் பார்த்தும் விழாமல் நின்ற நாள் ஏதாவது உண்டா? ஒரே ஒரு நாள் போதும். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்பதைப் போலவே எந்த மாடியில் நிற்கவில்லை என்பதும் உங்களுக்கு முக்கியம் இல்லையா, அது மாதிரி.

கூச்சப்படாமல் எழுதுங்கள். சங்கச் செயலாளருக்கு நான் வாக்களிக்கப் போவதில்லை.

அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு,

வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. பிறகு யாரோ பிரேக்கைப் போட்டதுபோல அடங்கிவிடுகிறது. கொட்டாவி வருகிறது. இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? மேலுதடு வேர்க்கிறது. கண்ணின் ஓரங்கள் கறுத்து, குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல ஆகிறது. காதில் உஸ் என்று சத்தம். அதற்குப் பிறகு தரைதான். உயரம், இருட்டு, கரண்ட் எதற்கும் ஒன்றும் ஆனதில்லை. ரத்தமும் காயமும் மட்டும்தான்.

முதல் தடவை எனக்கு எட்டு வயது. அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டார். விழுந்தது அவர், மயங்கியது நான். அவர்தான் நொண்டிக்கொண்டு வந்து என்னைத் தூக்கினார். அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு அடிபட்டாலும் முதல் காரியமாக என் கண்ணைப் பொத்துவார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விழாமல் நின்ற நாள் ஒன்று உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு வணிக வளாகத்தில், என் கூட வேலை பார்த்தவரின் விரல் கப்பியில் மாட்டி நசுங்கிவிட்டது. மேலேயிருந்தோம். லிஃப்ட் பிரித்துக் கிடக்கிறது. அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்கினேன். அவர் எண்பத்தைந்து கிலோ இருப்பார். அவர் கை என் தோளுக்கு மேலாக முகத்துக்கு முன்னால் தொங்கியது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கீழே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் விழுந்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

எத்தனை முறை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நேற்று நினைத்தேன். உங்கள் ஓரகத்திதான், "எல்லாத்தையும் எழுதுங்க, பாதி எழுதித்தான் நெத்தி கிழிஞ்சுது" என்றாள்.

அண்ணனைப் பார்க்க மூன்றாம் நாளே வந்தேன். வார்டுக் கதவைத் தள்ளினேன். அவர் கட்டிலின் பக்கத்தில் ஒரு குழாய், அதன் அடியில் ஒரு பை, அதில் சிவப்பாக. உள்ளே கால் வைக்கவில்லை. வராந்தாவிலேயே விழுந்தேன். தரை துடைக்கிற அம்மா ஒருவர் வாளியை நகர்த்திவிட்டு என்னை உட்கார வைத்தார். ஏழாம் நாள் மறுபடி வந்தேன். அன்றைக்கு மாடிப்படியிலேயே போய்விட்டது. ஒரு நோயாளியின் சொந்தக்காரர்மேல் விழுந்து அவர் கையிலிருந்த பிளாஸ்க் உடைந்தது.

அதற்குப் பிறகு மேலே வரவில்லை. தினமும் வேலை முடிந்து ஐந்து மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வருவேன். ஆறு மணிவரை நிற்பேன். அங்கேயிருந்து மூன்றாவது மாடி ஜன்னல் தெரியும். நீங்கள் திரைச்சீலையை இழுத்து விடுவதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாள்.

நீங்கள் கல்நெஞ்சக்காரன் என்று சொன்னபோது பதில் சொல்லியிருக்கலாம். "பயந்து மயங்கி விழுந்தேன்" என்று அத்தனை பேர் நடுவில் சொல்வதைவிட அது தேவலை என்று தோன்றியது.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

உங்கள் கடிதம் நேற்றுப் பகலில் வந்தது. கடைசிப் பகுதிக்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் கால். நாட்கள் போகின்றன.

உங்கள் விடைத்தாளில் நூற்றுக்கு நூறு. எண்பத்தைந்து கிலோ என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. நானே முடிவு கட்டிவிடக் கூடாது என்று எங்கள் தெரு முனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு, "தெரிஞ்ச விஷயம்தான் டீச்சர், பலருக்கு இருக்கு. கூச்சப்பட்டு வெளிய சொல்றதில்ல" என்றார். நான் உங்களுக்குத் தளரச் சொன்னதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நீங்கள் தினமும் பார்க்கிற அடுக்குமாடிக் கட்டிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை மேல்மாடி. இதயம் தண்ணீர் பம்ப். ரத்தக் குழாய்கள் எல்லா மாடிக்கும் போகிற பைப்புகள். தேர்வுக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு பம்ப் வேகமாக ஓடுகிறது, பைப்புகளில் அழுத்தம் நிறைய இருக்கிறது. அவனைத் தளரச் சொன்னால் சரியாகிவிடும். உங்களுக்கு நடப்பது வேறு. காயத்தைப் பார்த்ததும் பம்ப் முதலில் வேகமெடுக்கிறது. அதற்குப் பிறகு திடீரென்று பிரேக் விழுந்து பம்ப் மெதுவாகிறது. அதே நேரத்தில் கீழ்மாடிகளில் எல்லாக் குழாய்களும் திறந்துகொள்கின்றன. அதாவது கால், தொடை, வயிற்றுப் பக்கத்து ரத்தக் குழாய்கள் அகன்று ரத்தம் அங்கேயே தங்குகிறது. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. கண் கறுப்பதும் காது அடைப்பதும் அதுதான்.

அப்புறம் விழுகிறீர்கள். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மேல்மாடியையே தரைக்கு இறக்கிவிடுவது உடம்பின் ஏற்பாடு. கோழைத்தனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏன் விழுந்தீர்கள் என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள்.

இப்படி இருக்கிறவரை நான் என்ன செய்யச் சொன்னேன்? தளரச் சொன்னேன். மிச்சமிருந்த குழாய்களையும் திறந்துவிட்டேன்.

சகதொழிலாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது உங்கள் தொடை, வயிறு, கை எல்லாம் இரும்புபோல இறுகியிருந்தன. இறுகிய தசை கீழ்மாடிக் குழாய்களை நெருக்கி ரத்தத்தை மேலே தள்ளியது. அதனால் நின்றீர்கள். அப்பாடா என்று தளர்ந்தீர்கள், விழுந்தீர்கள். ஒன்பது வருடமாக மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் களைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

டாக்டரம்மா சொன்னபடி எழுதுகிறேன். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. முகம் லேசாகச் சூடாகும்வரை, பத்துப் பதினைந்து விநாடி. பிறகு விடுங்கள், ஆனால் நனைத்த துணிபோல அல்ல, சாதாரணமாக உட்காருவதுபோல. இருபது விநாடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. ஒரு வாரம் காயத்தின் பக்கமே போகாமல் இதை மட்டும் பழகுங்கள். அடுத்த வாரம் கட்டுத் துணி, பிறகு நர்ஸின் போனில் காயத்தின் படம், பிறகு வாசற்படியில் நின்று பார்ப்பது, பிறகு பக்கத்தில். உண்மையில் கட்டு மாற்றும்போது கைகள் வேலைக்கு வேண்டும், ஆகவே தொடையையும் வயிற்றையும் மட்டும் இறுக்குங்கள். கொட்டாவி வந்தால் அதுதான் மணி அடிப்பது. மணி அடித்ததும் இறுக்குங்கள். எதற்கும் உங்கள் டாக்டரிடம் சொல்லி இதயத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி அந்தக் கடைசிப் பகுதி.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, உங்களுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று உங்கள் அண்ணனிடம் கேட்டேன். "பல்லியை உள்ள கூப்பிடாத. அவனால முடியாது" என்றார். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறவர் என்று உங்களுக்கு அவர் வைத்த பெயரைக் கடைசியாக அவர் சொன்னது அன்றைக்குத்தான். தம்பிமேல் மனம் கசந்துபோய்ச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கசப்பையும் நானே எடுத்து என் கோபத்தோடு சேர்த்துக்கொண்டேன். இப்போது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தெரிகிறது. எட்டு வயதில் கண்ணைப் பொத்தினாரே, அதையே படுத்த இடத்திலிருந்தும் செய்திருக்கிறார்.

இன்னொன்று. சாயங்காலங்களில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்வார். வெளிச்சத்துக்கு என்று நினைத்தேன். அவருக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன். ஆனால் ஆறு மணிக்குத் திரையை இழுக்கலாம் என்று அவர்தான் சொல்வார்.

கல்நெஞ்சக்காரர் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அத்தனை பேர் முன்னால் சொன்னேன், அத்தனை பேருக்கும் எழுதிவிடுகிறேன். உங்கள் மயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இருக்காது.

அண்ணி


ஜூலை 5

அண்ணிக்கு,

மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம், முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்ததுதான்.

இதயத்தைப் பார்த்தார்கள், பழுதில்லை. பதினெட்டாம் தேதியிலிருந்து பழகினேன். காலையில் எழுந்ததும், பேருந்தில், மத்தியானம் மோட்டார் ரூமில் சாப்பிட்ட பிறகு, சாயங்காலம் வீட்டில். வீட்டில் செய்யும்போது அவள் பொத்தான் தைத்துக்கொண்டே எண்ணுவாள். "பதிமூணு, பதினாலு, முகம் தக்காளி ஆயிடுச்சு, விடுங்க." வேலையிடத்தில் ஒருவர் மலச்சிக்கலா என்று கேட்டு, ஊறவைத்த திராட்சை சாப்பிடச் சொன்னார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கட்டுத் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்துக்குக் கொட்டாவி வந்தது, இறுக்கினேன், போய்விட்டது. வாசற்படியில் நின்று பார்த்த முதல் நாள் கண்ணோரம் கறுத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து இறுக்கினேன். ஹெல்மெட் திரும்பிப் பார்க்காமலே, "விழுந்தா சொல்லுங்க சார்" என்றார். விழவில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, மூன்று நாளும் அவர் பக்கத்தில் இருக்க நானே கட்டைப் பிரித்தேன், அவர் சுத்தம் செய்தார்.

ஒன்றாம் தேதி. நர்ஸ் கிடையாது. கையைக் கழுவி உறையைப் போட்டேன். அவள் காலை முக்காலிமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள். கட்டுத் துணி அடியில் ஒட்டியிருந்தது. உப்பு நீரை விட்டு நனைத்து எடுத்தேன். எடுத்ததும் ஒரு துளி ரத்தம் கசிந்து குதிகால் பக்கமாக இறங்கியது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிரேக் விழுந்தது. உஸ் என்று காது அடைத்தது. கை உறையின் நுனி மட்டும்தான் தெரிந்தது.

தொடையை இறுக்கினேன். வயிற்றை இறுக்கினேன். மூச்சு அடங்கப் பார்த்தது, விட்டேன். எண்பத்தைந்து கிலோ முதுகில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் அறையின் சத்தங்கள் திரும்பி வந்தன. பன்னிரண்டில் கண்ணோரம் வெளுத்தது. நீங்கள் எழுதியதுபோலவே, அண்ணி. மேல்மாடிக்கு ஏறியது தெரிந்தது.

துடைத்தேன். மருந்துத் துணியை வைத்தேன். சுற்றினேன். முடித்துப் பார்த்தால் ஒட்டும் நாடாவை முன்கூட்டியே வெட்டி வைக்க மறந்திருக்கிறேன். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லால் கிழித்தேன். அவள் அப்போதுதான் திரும்பினாள். "லிஃப்ட்டுக்கும் இப்படித்தான் பல்லால ஒயரைக் கடிப்பீங்களா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதுவும் நம்மைக் கேட்காமல் நடப்பதுதானே.

இன்றோடு ஐந்து நாள். இரண்டாம் தேதி ஒருமுறை இறுக்க வேண்டியிருந்தது, நேற்றும் இன்றும் கொட்டாவியே வரவில்லை. நேற்று டாக்டர் வந்து பார்த்தார். காயம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது, விளிம்பு இளஞ்சிவப்பாக இருக்கிறது, விரல்களுக்கு இனி ஆபத்தில்லை என்றார்.

அண்ணன் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை மடித்துப் பணிப்பையில் வைத்திருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்ட் தெரிந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நான் நின்றது வேப்பமரத்துக்கு இடது பக்கம். தெரிந்திருக்கும். உயரக் கணக்கு எனக்குத் தெரியும்.

பல்லி


ஜூலை 9

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். டோக்கன் இல்லாமலே உள்ளே விட்டார். பல்லால் கிழித்த இடத்தில் மட்டும் முகம் சுளித்தார். இனிமேல் நாடாவை முதலில் வெட்டி வையுங்கள்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு நான் சொன்ன பதிலைத் திருத்த வேண்டும். சாவி நம்மிடம் கிடையாது என்றேன். அது உண்மைதான். இதயமே மெதுவாக ஓடு, குழாயே சுருங்கு என்று யாரும் கட்டளை போட முடியாது. நாம் தூங்கும்போதும் சண்டை போட்டுக்கொண்டு நான்கு வருடம் பேசாமல் இருக்கும்போதும் அந்த அறை தானாகவே ஓடுகிறது, அப்படி இருப்பதுதான் நல்லது. நம்மிடம் விட்டிருந்தால் பாதிப்பேர் மறந்துபோயே செத்திருப்பார்கள். ஆனால் அந்த அறைக்குப் பக்கவாட்டில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கிறது. மூச்சும் தசையும் நம் சொல் கேட்பவை. அவற்றின் வழியாக உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சேதி சொல்லலாம். எந்தச் சேதியை எப்போது சொல்வது என்பதில்தான் நான் முதலில் கோட்டை விட்டேன்.

இப்போது என் விஷயம். பித்தப்பையில் கல். பயப்பட ஒன்றுமில்லை, மூன்று சிறிய துளை போட்டு எடுத்துவிடுவார்கள். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு. அதே மருத்துவமனை, அதே மூன்றாவது மாடி. கூட இருக்கப் போவது யார் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்று போட்டேன். இருபத்திரண்டாம் தேதிக்குள் அவள் காலை ஊன்றலாம் என்றால் அவளையும் அழைத்து வாருங்கள். இல்லாவிட்டால் ஹெல்மெட்டை ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் ஒரு குழாய் போட்டிருப்பார்கள். அதன் அடியில் ஒரு பையும் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லமாட்டேன், கதவுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வார்டுக் கதவுக்கு வெளியே வராந்தாவில் ஒரு நீல பெஞ்சு இருக்கிறது, நேற்றுப் போய்ப் பார்த்தேன். அதில் நிமிர்ந்து உட்காருங்கள். முஷ்டியை மடக்குங்கள். தொடையையும் வயிற்றையும் இறுக்குங்கள், மூச்சு ஓடிக்கொண்டிருக்கட்டும், முகம் சூடானதும் விடுங்கள். இதைப் படித்து முடித்த கையோடு, கடிதத்தை மடிப்பதற்கு முன்பு, ஒருமுறை செய்து பாருங்கள்.

அண்ணி